வலிப்பு மருந்தும் எலும்பின் வலிமையும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் பெரியோர். உடல் என்னும் சுவரைத் தாங்கி நிற்பது எலும்பு. அது உரம் பெறும் காலம் நாம் பள்ளியில் பயிலும் இப்பருவமே. பெண்களுக்கு ஏறத்தாழ 18 வயதுக்குள் எலும்பின் பெரும்பகுதிச் சத்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே, வலிப்பு நோய்க்காக இவ்வயதில் நெடுநாள் மருந்துண்ணும் தோழியரும் அவர்தம் பெற்றோரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

மூளை நரம்புகளின் மின்னோட்டம் திடீரெனக் கட்டுமீறுவதால் வருவதே வலிப்பு. அது பேயின் வேலையும் அன்று, தொற்றுநோயும் அன்று. அதை அடக்க 1912-இல் பீனோபார்பிட்டோனும், 1938-இல் பெனிட்டாயினும் பயனுக்கு வந்தன. இவற்றால் நலம் பெற்றோர் எண்ணற்றோர். ஆயினும் இம்மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உண்டவருள் சிலருக்கு எலும்பு மென்மையடைந்திருப்பதை 1968-இல் ஜெர்மனியிலும், 1970-இல் இலண்டனிலும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர்.

இதன் காரணம் யாது? இம்மருந்துகள் கல்லீரலில் சில நொதிகளைப் பெருக்குகின்றன. அந்நொதிகள், வெயில் பட்டு நம் தோலில் உண்டாகும் வைட்டமின் 'டி'யையும் விரைந்து சிதைக்கின்றன. அது குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் போதிய அளவு ஏற்பதில்லை. இரத்தத்திற்கோ அச்சத்து எப்போதும் தேவை. எனவே உடல் எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. வரவின்றிச் செலவு செய்யும் குடும்பம்போல எலும்பு நாளடைவில் மெலிகிறது. கார்பமசெப்பினும் நொதிகளைப் பெருக்கும் மருந்தே. வலிப்பு வந்து கீழே விழும்போது மெலிந்த எலும்பு எளிதில் முறியும்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது, கூடவே கூடாது! திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பைக் காக்க வழி உண்டு. போன உயிரை மீட்க வழியில்லை.

அவ்வழிதான் என்ன? மருத்துவரைக் கேட்டு, இரத்தத்தில் வைட்டமின் 'டி' அளவைப் பார்க்கலாம். அவர் சொன்னால் அதற்குரிய மாத்திரையை உண்ணலாம். பால், தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. நாள்தோறும் சிறிது நேரம் வெயில் படுவதும், ஓடியாடி விளையாடுவதும் எலும்பை உறுதியாக்கும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறு நிகழ்கிறது. "பிள்ளைக்கு வலிப்பு, யாரும் பார்க்க வேண்டாம்" என்று அவளை அறைக்குள்ளேயே இருத்துகிறோம். மருந்து ஒருபுறம் எலும்பின் சத்தைக் குறைக்க, மறுபுறம் நாமே அவளுக்கு வெயிலையும் விளையாட்டையும் மறுக்கிறோம். நீந்துவதற்கும் உயரத்தில் ஏறுவதற்கும் பெரியவர் துணை வேண்டும்; உண்மையே. ஆனால் நடக்கவும், பந்து விளையாடவும் என்ன தடை?

தோழியரே! மாத்திரை உண்ணும் தோழியை ஏளனம் செய்யாமல், கைபிடித்து விளையாட்டுத் திடலுக்கு அழைத்து வருவோம். பெற்றோரே! மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள், கேழ்வரகுக் கூழும் கொடுங்கள், கதவையும் திறந்துவிடுங்கள்.