வானொலியும் வாயில்லார் குரலும்

மாந்தர் உள்ளத்தை மாந்தர் உள்ளத்தோடு பிணிப்பன பல உள. அவற்றுள் தலையாயது ஒலி. ஏடு எழுத்தறிந்தார்க்கே பயன்படும். படம் கண்ணுடையார்க்கே காட்சி தரும். ஒலியோ, எழுத்தறியாதார்க்கும், கண்ணிழந்தார்க்கும், கையில் மண்வெட்டி பற்றி வேலை செய்துகொண்டிருப்பார்க்கும் ஒருங்கே சென்று சேரும். அவ்வொலியை வான்வழியே சுமந்து செல்லும் வானொலி யாருக்கு உரியது? அதன் வாயிலாக ஆன்மிகமும் சமூக நீதியும் ஒருங்கே பேசப்படுதல் எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கல்லூரி மாணாக்கர் சிலர் இப்பொருள்பற்றிச் சமுதாய வானொலி நிகழ்ச்சியொன்று தொடங்க முயன்று வருகின்றோமாதலின், இவ்வாராய்ச்சி எமக்கும் எம்மைக் கேட்கவிருப்பார்க்கும் பயனுடைத்தாகும் என நம்புகின்றேன்.

1. சமுதாய வானொலி இன்னதென்பது

வானொலி நிலையங்கள் மூவகைப்படும். அரசு நடத்துவன ஒருவகை. ஊதியங் கருதி வணிகர் நடத்துவன மற்றொருவகை. ஒரு சிற்றெல்லைக்குள் வாழும் மக்கள் தமக்கெனத் தாமே நடத்திக்கொள்வன மூன்றாம் வகை. இம் மூன்றாவதே சமுதாய வானொலி எனப்படும்.

நம் நாட்டில் இஃது எளிதில் வந்ததன்று. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஏழாண்டு கழித்து, 2002-இல், கல்வி நிலையங்கள் இத்தகைய வானொலி நடத்த அரசு இசைந்தது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதற் கல்லூரி வளாகச் சமுதாய வானொலி தன் குரலை எழுப்பிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் பெறும் வழி திறந்தது. இந்நிலையங்களின் ஆற்றல் பொதுவாக 100 வாட் அளவினது. அதன் ஒலி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுற்றளவிற்கே செல்லும். நிகழ்ச்சிகளிற் பாதியேனும் அவ்வட்டாரத்தே உருவானவையாக இருத்தல் வேண்டும் என்பது விதி.

இச் சிறுமையே இதன் பெருமை என்க. பத்துக் கிலோமீட்டருக்குள் பேசுவோன் கேட்போர்க்கு அறிமுகமானவன். அவன் பொய்யுரைப்பின் மறுநாட் காலையில் குழாயடியிலேயே பிடிபடுவான். அறத்தைப் பேசிவிட்டு அறமல்லாதது செய்வானாயின், அவன் வீட்டு வாயிற்படியே அவனுக்கு எதிர்ச்சான்றாகும்.

2. உழவர்க்குப் பள்ளியான வானொலி

தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டில், போயாக்கா மலைப்பகுதியில், சுத்தாத்தென்சா என்பதோர் சிற்றூர். அவ்வூருக்கு உதவிக் குருவாக வந்த இளைஞர் ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்பார், தம் மக்களிற் பலர் எழுத்தறியாது இருப்பதையும், அவர்கள் மலைச்சரிவுகளிற் சிதறி வாழ்வதால் ஒரு பள்ளியிற் கூடவியலாமையையும் கண்டார். 1947-ஆம் ஆண்டில் சிறியதோர் ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு வானொலிப் பள்ளியைத் தொடங்கினார்.

அப்பள்ளி நடைபெற்ற முறை கருதத்தக்கது. மின்கல வானொலிப் பெட்டியொன்றைச் சுற்றிச் சில குடும்பத்தார் மாலையிற் கூடுவர். எழுத்தறிந்த அயலான் ஒருவன் கரும்பலகையின் அருகே நிற்பான். வானொலி ஆசிரியர் சொல்லுமெழுத்தை அவன் எழுதிக் காட்டுவான். ஏனையோர் எழுதிப் பழகுவர். எழுத்தோடு கணக்கும், உடல்நலமும், உழவும், மனிதன் தன் மதிப்பைத் தானுணர்தலும் பாடங்களாயின. 1958-இல் உழவருக்கென ஓர் இதழும் அதனோடு இணைந்தது. 1989-இல் அவ்வொலிபரப்பு நின்றுபோயிற்று. எனினும், அதன் ஆவணங்கள் 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

ஈண்டு நாம் கற்பது யாது? கேட்போரைத் தனித்தனியே விடாது குழுவாக அமர்த்துதல் வேண்டும் என்பது. அங்ஙனம் அமர்ந்தார், கேட்டதோடு அமையாது ஆராய்வர், ஆராய்ந்தார் செயற்படுவர். ஆயினும் ஒரு குறையையும் மறைத்தலாகாது. உழவர் எண்ணிறந்த மடல்கள் எழுதினர். ஆனால் பேசுமிடம் பெரும்பாலும் நிலையத்தாரிடமே இருந்தது. ஒருவர் கற்பிக்க, மற்றையோர் கற்கும் முறையது. நீதி மலர இன்னுமொருபடி வேண்டும்.

3. போதிக்கச் சென்று கற்றுக்கொண்ட குருமார்

அப்படியினை ஏறக் கற்றவர் பொலிவியா நாட்டுக் குருமார். ஆங்கு யல்யாகுவா என்னும் ஊரையடுத்துச் ‘சிக்லோ வெய்ந்த்தே’ என்னும் வெள்ளீயச் சுரங்கம் உளது. சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணந்திரட்டித் தமக்கென வானொலி நிலையங்கள் நிறுவியிருந்தனர். 1959-ஆம் ஆண்டில் கத்தோலிக்கக் குருமார் சிலர் அவ்விடத்தே பன்னிரண்டாம் பயஸ் என்னும் போப்பாண்டவர் பெயரால் ஒரு நிலையம் தொடங்கினர். பொதுவுடைமைக் கொள்கையை எதிர்ப்பதும், குடிப்பழக்கத்தை ஒழிப்பதும் அவர்தம் நோக்கங்கள். ஆதலின் தொழிற்சங்க வானொலிக்கும் குருமார் வானொலிக்கும் தொடக்கத்தே பெரும்பகை மூண்டது.

ஆனால் குருமார் அம்மக்களிடையே வாழ்ந்தனர். சுரங்கப் புழுதியால் நுரையீரல் கெட்டு இளமையிலேயே இறப்பாரை அடக்கஞ் செய்தனர். கைம்பெண்களின் வீடுகளுக்குச் சென்றனர். நாளடைவில், போதிக்க வந்த தாமே போதனை பெறுவதை உணர்ந்தனர். 1967-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், அருளப்பர் திருவிழா இரவு கழிந்த வைகறையில், இராணுவத்தார் அச்சுரங்கக் குடியிருப்பிற் புகுந்து தொழிலாளரைச் சுட்டுக் கொன்றனர். அதற்கு முன்னரே மாறத் தொடங்கியிருந்த குருமார் நிலையம் அதன்பின் தொழிலாளர் பக்கத்தே உறுதியாக நின்றது. அதன் பொருட்டுப் பன்முறை தாக்கவும் மூடவும் பட்டது. 1980-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றியபோது, சுரங்க வானொலிகள் யாவும் ஒரு சங்கிலிபோலப் பிணைந்து, தாம் வீழ்த்தப்படும் வரை நாட்டு மக்களுக்கு உண்மையுரைத்தன.

பகையாய்ப் பிறந்த நிலையம் தோழமையாய் வளர்ந்தது எதனால்? பேச்சைக் குறைத்துச் செவியைத் திறந்ததனால் என்பது ஒருதலை.

4. பெயர் சொல்லுதலும் ஒரு வழிபாடு

நடு அமெரிக்காவின் எல் சால்வதோர் நாட்டில் 1977 முதல் பேராயராக இருந்தவர் ஆஸ்கார் ரொமேரோ. அவர்தம் ஞாயிற்றுக்கிழமை அருளுரை திருச்சபையின் வானொலி வழியே நாடெங்கும் கேட்கப்பட்டது. மறைநூலை விளக்கிய பின், அவ்வாரத்தில் கொல்லப்பட்டாரையும் காணாமற் போனாரையும் அவர் எடுத்துரைப்பார். அச்சத்தால் செய்தித்தாள்கள் வாய்மூடியிருந்த காலமது. அவ்வானொலி நிலையம் வெடிகுண்டால் தாக்கப்பட்டது, மீண்டும் சீர்செய்யப்பட்டது. 1980-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள், ஏழையரைக் கொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படியற்க என்று படைவீரரை நோக்கி அவர் வேண்டினார். மறுநாள் மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். 2018-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஆன்மிகம் வேறு, நீதி வேறு என்பார்க்கு இவ்வரலாறே விடையாகும். தெக்கோவாவூர் மேய்ப்பராகிய ஆமோஸ், நீதியில்லாதார் எடுக்கும் விழாவையும் பாடும் பாட்டையும் கடவுள் ஏற்பதில்லை என்று கடிந்துரைத்தார். நம் நாட்டிலும் காந்தியடிகள் 1947-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் தில்லி வானொலி நிலையம் சென்று பேசினார். அங்ஙனம் அவர் நிலையத்திற்குச் சென்றது அவ்வொருமுறையே. யாருக்காகச் சென்றார்? வீடிழந்து குருட்சேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளுக்காக. அன்று தீபாவளித் திருநாள் என்பதும் நினைக்கத்தக்கது.

5. பத்தாண்டு காத்திருந்த பெண்கள்

தெலங்கானாவில், பழைய மேடக் மாவட்டத்து மச்னூர் என்னுஞ் சிற்றூரில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சார்ந்த உழவர் பெண்கள் 1998-ஆம் ஆண்டளவில் ஒலிப்பதிவுக் கூடமொன்றைப் பெற்றனர். ஆனால் உரிமம் கிடைக்கவில்லை. அவர்கள் சோர்ந்து விடவில்லை. விதை, மழை, மூலிகை, நோன்பு, நாட்டுப்பாடல் ஆகியவற்றைத் தம் மொழியிலேயே நாடாவிற் பதிந்து, சங்கக் கூட்டங்களிற் போட்டுக் கேட்பித்தனர். 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ‘சங்கம் ரேடியோ’ என்னும் பெயரால் அவர்தம் குரல் வானேறிற்று. உரிமமின்மையைச் சோம்பலுக்குக் காரணமாக்கலாகாது என்பதை இப்பெண்கள் நமக்குக் கற்பிக்கின்றனர்.

6. எம் முயற்சியும் எம் தவறும்

நிற்க, எம் சொந்த முயற்சியைச் சிறிது கூறுவேன். சென்ற ஆண்டு யாம் மாணாக்கர் அறுவர் கூடி, பதினைந்து நிமிட மாதிரி நிகழ்ச்சியொன்றை ஒலிப்பதிவு செய்தோம். பொருள், தாழ்மை. எழுதியவன் யானே. உவமைகளும் அடுக்குமொழிகளும் நிரம்பிய அவ்வுரையைப் பற்றி எனக்குப் பெருமிதம் இருந்தது. ஒரு மாலையில் அதனைக் கல்லூரிக்கு அணித்தாயுள்ள துப்புரவுத் தொழிலாளர் தெருவிற் கேட்பித்தோம். மக்கள் பொறுமையாகவே கேட்டனர். முடிந்ததும், எம் விடுதியைப் பல்லாண்டு பெருக்கி வந்த மூதாட்டி ஒருவர், “நீங்க பேசினதெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நாங்க பேசுறதையும் அந்தப் பெட்டியிலே போடுவீங்களா?” என்றார்.

போடுவோம் பாட்டி என்றோம். அவர் பேசினார். தாழ்மையைப்பற்றி அவர் ஒன்றுங் கூறவில்லை. தம் கணவரை அடக்கஞ் செய்த நாளைப்பற்றிக் கூறினார். கோயிலில் ஒரே கிண்ணத்திற் பங்குபெற்ற அவரைக் கல்லறைத் தோட்டத்திற் சுவருக்கு அப்பால் புதைக்க நேர்ந்ததைக் கூறினார். குரல் நடுங்கவில்லை, கேட்ட எமக்கே நடுங்கிற்று. தாழ்த்தப்பட்டார்க்குத் தாழ்மையைப் போதிக்கச் சென்ற என் அறியாமையை அன்று உணர்ந்தேன்.

திருக்குறளில் ‘கேள்வி’ 42-ஆம் அதிகாரம். ‘சொல்வன்மை’ 65-ஆம் அதிகாரம். இவற்றைத் தேர்வுக்காகப் பலமுறை ஓதியிருக்கின்றேன். சொல்லாற்றலுக்கு இருபத்துமூன்று அதிகாரம் முன்னதாகவே வள்ளுவர் கேட்டலை வைத்தமை அன்றுதான் என் கண்ணிற் பட்டது. ஆசிரியர் கருதிய கேள்வி கற்றார்வாய்க் கேட்டல் என்பதை அறிவேன். ஆயினும், துன்பத்தைப் பயின்றாரும் ஒருவகையிற் கற்றாரே அல்லரோ?

7. நிகழ்ச்சி அமையவேண்டும் முறை

மேற்கூறியவற்றால் யாம் தேர்ந்த முறை வருமாறு: அரைமணி நிகழ்ச்சியை மூன்று கூறாக்குதல் வேண்டும். முதற்கூறு, மக்கள் தம் வாயாற் கூறும் வாழ்க்கை. இரண்டாங்கூறு, அதனை ஒட்டிய சிந்தனை. இதனைக் கிறிஸ்தவர், இந்துக்கள், இசுலாமியர் முதலாயினார் முறையே தத்தம் நெறிநின்று வழங்கலாம். மூன்றாங்கூறு, இனிச் செய்வது யாது என்பது. எந்தச் சட்டம் துணை நிற்கும், எந்த அலுவலகத்திற்கு மனுச் செய்தல் வேண்டும், சென்றவாரம் செய்த மனு யாதாயிற்று என்பன இதன்கண் வரும்.

காக்கவேண்டிய வரம்புகளும் உள. பேசினவர் தம் பேச்சைத் தாமே கேட்டு இசைந்த பின்னரே அதனை வெளியிடல் வேண்டும். பெயர் கூறுதல் இடர் விளைக்குமாயின் பெயரை நீக்கல் வேண்டும். எச்சமயத்தையும் இழித்துரைத்தல் கூடாது; இஃது அரசின் விதியுமாகும், அன்பின் விதியுமாகும். நிகழ்ச்சிக் குழுவில் அத்தெருவாரிற் பாதிப்பேரேனும் அமர்தல் வேண்டும். உரிமமுள்ள நிலையம் ஒன்று நேரம் ஒதுக்கும் வரை, மச்னூர்ப் பெண்களைப் போல யாமும் தெருத்தோறும் சென்று கேட்பிப்போம்.

8. ஒரு தடையும் விடையும்

அம்மூதாட்டியின் பேச்சை வெளியிட்டால் திருச்சபைக்கு இழுக்கு நேரும் என்று எம் குழுவிலேயே ஒருவர் தடை கூறினார். அவர் என் ஆருயிர் நண்பர். அவர் அச்சம் பொய்யச்சமன்று. நம்மைப் பழிப்பார் அதனைக் கருவியாகக் கொள்ளவுங் கூடும். ஆனால் இழுக்கு யாண்டு உளது? சுவரில் உளதா, சுவரைச் சொல்லும் சொல்லில் உளதா? புண்ணைக் காட்டுவோனால் புண் உண்டாவதில்லை. பிறர் குற்றத்தைப் பேசுமுன் நம் வீட்டுக் குற்றத்தைப் பேசுவோமாயின், பின்னர் நாம் நீதியைப்பற்றிக் கூறுவதைப் பிற சமயத்தாரும் நம்புவர். தன் குற்றத்தை அறிக்கையிடுதல் நம் வழிபாட்டின் தொடக்கமன்றோ? அதனை வானொலியின் தொடக்கமாகவும் கொள்வதில் தவறென்ன?

அப்பேச்சு இன்னும் வெளியிடப்படவில்லை. வரும் பருவத்தின் முதற் கூட்டத்தில் குழுவினர் அதனை முடிவு செய்வர். மூதாட்டியோ, தம் பெயரை நீக்கவேண்டுவதில்லை என்று கூறிவிட்டார். என்று போடுவீர்கள் என்று என்னை விடுதி வாயிலிற் காணுந்தோறும் வினவுகின்றார். யான் இதுகாறும் விடை கூறிலேன். இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியரும் பழைய மாணாக்கரும் தத்தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை நினைந்து, தம் கருத்தை எமக்கு எழுதுவாராயின் பேருதவியாகும்.

கேட்கச் செவியும், கேட்டதை உரைக்கத் துணிவும், உரைத்ததைச் செய்ய ஆற்றலும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.