வீட்டு வாயிலில் வெண்டை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரிக் கொல்லைகளின் முதன்மைப் பயிர்கள். ஆயினும் அக்கொல்லைகளுக்கு உரிய குடும்பங்கள் பல, அன்றாடக் காய்கறியைச் சந்தையில் விலை கொடுத்தே வாங்குகின்றன. பருத்திக்கு நடுவே நாலு வெண்டை விதையை ஊன்றினால் போதாதோ என்று கேட்போர் உண்டு. அதில் ஓர் இடர் இருக்கிறது. அதனை முதலில் அறிந்துகொள்வோம்.

வெண்டையும் பருத்தியும் உறவுப் பயிர்கள்

இவ்விரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவை உற்று நோக்கினாலே உறவு விளங்கும். ஆதலின் பகையும் பொதுவாயிற்று. தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, புள்ளிக் காய்ப்புழு ஆகியவை இரண்டையும் தாக்குகின்றன. பருத்திக்குப் பூச்சிமருந்து தெளிக்கும்போது நடுவிலும் வரப்பிலும் உள்ள வெண்டையிலும் அது படிகிறது.

மருந்து தெளித்தபின் குறித்த நாள்கள் கழித்தே காயைப் பறித்தல் வேண்டும் என்பது விதி. வெண்டையோ பூத்த 5, 6 நாள்களில் முற்றத் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். காத்திருந்தால் காய் நாராகும். காத்திராவிடில் நஞ்சு உலைக்குப் போகும். 2017-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் கொல்லைகளில் மருந்து தெளித்தோர் சிலர் அதன் நச்சினால் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது. உண்ணும் வெண்டையைப் பருத்தியினின்று பிரித்து, வீட்டு வாயிலில் சாக்கிலும் தொட்டியிலும் வளர்த்தலே தக்க வழி.

எதில் வளர்ப்பது?

ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள எதுவும் ஆகும். உடைந்த வாளி, பழைய எண்ணெய் டின், மண்தொட்டி ஆகியவை ஏற்றவை. அரியலூர்ப் பக்கம் வெற்றுச் சிமெண்டுச் சாக்குகள் எளிதிற் கிடைக்கும். சாக்கை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நன்கு அலசுதல் வேண்டும். ஒட்டியுள்ள சிமெண்டு மண்ணைக் காரமாக்கிவிடும். வெயிலில் சாக்கு இற்று உதிரத் தொடங்கினால் உடனே மாற்றுக. அடியில் 4, 5 துளைகள் இடுதல் இன்றியமையாதது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம்: பூச்சிமருந்து இருந்த டப்பாவையோ கேனையோ எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

மண்ணும் விதையும்

கரிசல் மண்ணைத் தனியே நிரப்பினால் நனைந்தபோது நீர் வடியாது, காய்ந்தபோது வெடிக்கும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் 1 பங்கு கலந்து நிரப்புக. மக்காத சாணம் வேரைச் சுடும்.

ஆனி, ஆடி மாதங்களும் மாசி மாதமும் விதைப்புக்கு ஏற்றவை. விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, விரற்கணு ஆழத்தில் ஊன்றுக. வெண்டை ஆணிவேர்ப் பயிர். நாற்றாகப் பிடுங்கி நட்டால் தளரும். ஆதலின் நேரே ஊன்றுதல் நலம். சாக்கு ஒன்றுக்கு 2 செடிகள் போதும். நாள்தோறும் 6 மணி நேரமாவது வெயில் படவேண்டும்.

பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா அனாமிகா என்னும் இரகம் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குவதற்கென உருவாக்கப்பட்டது. அதில் நல்ல செடி ஒன்றின் காய்களை முற்றிக் காயவிட்டு மறு பருவத்துக்கு விதை எடுக்கலாம். வீரிய ஒட்டு இரகமாயின் எடுத்த விதை தாய்ச் செடியைப் போல் அமையாது.

பேணும் முறை

மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரமற்றிருந்தால் நீர் விடுக. அரிசி, காய்கறி கழுவிய நீர் போதும். சோப்பு நீர் கூடாது. 15 நாள்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மக்கிய உரம் இடுக.

காலையில் இலையின் அடிப்புறத்தை நோக்குதல் மருந்தினும் சிறந்தது. நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு உள்ளது, கிள்ளி அழிக்கவும். இலை நரம்புகள் மஞ்சளானால் செடியைப் பிடுங்கிப் புதைத்தல் வேண்டும். வெள்ளை ஈ அந்நோயைப் பிற செடிகளுக்குப் பரப்பும். பூச்சி மிகுந்தால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை 1 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, மாலையில் தெளிக்கலாம்.

45 முதல் 50 நாள்களில் முதற் பறிப்பு வரும். பின்னர் ஏறத்தாழ இரண்டு மாதம் காய்க்கும். செவ்வனே பேணிய 20 செடிகள், அதாவது 10 சாக்குகள், வாரம் சுமார் அரைக் கிலோ காய் தரும். பெருஞ்செல்வம் அன்று, ஆனால் வாரத்தில் ஒரு நாள் குழந்தைகள் உண்ணும் காய் நஞ்சற்றது என்ற உறுதி நமக்கு உண்டு.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

அங்கன்வாடி, பள்ளி ஆகியவற்றின் வாயிலில் பத்துப் பத்துச் சாக்குகள் வைத்துக் காட்டினால் ஊரார் தாமே பின்பற்றுவர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் விதையைச் சேர்த்துப் பகிரலாம். பெரம்பலூர் மாவட்டத்தினர் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தினர் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகி ஆலோசனை பெறலாம். அடுத்த கிராம சபையில் இப்பொருளை உறுப்பினர்கள் எடுத்துரைப்பாராக. பருத்தி விளைவிக்கும் கைகளுக்கு வெண்டை அரிதன்று. வேண்டுவது பத்துச் சாக்கும் நாளொன்றுக்குச் சிறிது நேரமுமே.