ஒரே திரையில் ரெண்டு படம்

போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி மிக்ஸி பற்றி எழுதியிருந்தான். நான் செல்போன்ல வீடியோ எடிட் பண்றதைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் ஒரு வீடியோ மேல இன்னொரு வீடியோவை வைப்பது மட்டும்தான்.

வைகாசியில் நாங்கள் புது வீடு குடிபோனோம். அதைப் பார்க்க எங்க அப்பாயி இல்லை. மாசியிலேயே இறந்துட்டாங்க. பழைய ஓட்டு வீட்டு வாசல்ல உட்கார்ந்து முறத்துல உளுந்து புடைச்சுக்கிட்டே அவங்க பேசிய 41 வினாடி வீடியோ ஒன்று அம்மா போன்ல இருந்தது. "வீடு முடிஞ்சதும் வடக்குப் பக்கம் ஒரு முருங்கை வைங்கடா" என்று சொல்வாங்க. அப்பா என்னிடம், "பாப்பா, குடிபோன வீடியோவுலயே அப்பாயியும் இருக்கிற மாதிரி சேர்த்துடு" என்றார்.

ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டால் ஒன்று முடிஞ்சுதான் அடுத்தது வரும். ஒரே நேரத்தில் ரெண்டும் தெரியணும் என்றால் லேயர் வேண்டும். நான் கைன்மாஸ்டரில் செய்தேன். முதலில் பெரிய வீடியோவை (குடிபோனது) கீழே உள்ள பட்டையில் வைக்கணும். எந்த இடத்தில் ரெண்டாவது படம் வரணுமோ அங்கே கோட்டை நிறுத்தி, லேயர், பிறகு மீடியா என்று தொட்டு, அடுத்த வீடியோவை எடுக்கணும். அது ஒரு பெட்டியாக மேலே வந்து உட்காரும். மூலையைப் பிடிச்சு இழுத்தால் பெரிசு, சிறிசு ஆகும். இலவசமாகப் பயன்படுத்தினால் மூலையில் அவங்க பெயர் ஒட்டிக்கொண்டே வரும், பரவாயில்லை.

பழைய கம்ப்யூட்டர்களில் இருந்த விண்டோஸ் மூவி மேக்கரில் இது முடியாது. வீடியோவுக்கு ஒரே பட்டைதான், மேலே எழுத்து மட்டும் போடலாம். ஒரு கிளிப்பை இன்னொன்று மேல தள்ளினால் ஒன்று மங்கி மற்றது வரும், அவ்வளவுதான். 2017 ஜனவரியோடு அதைத் தருவதையும் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது.

நான் முதலில் அப்பாயி படத்தைத் திரை முழுக்கப் பரப்பி, ஒபாசிட்டியை 50 ஆக்கினேன். சினிமால நினைவு வர்ற மாதிரி இருக்கும்னு நினைச்சேன். ஆனால் அப்பாயி வெளிறிப் போய் ஆவி மாதிரி தெரிந்தாங்க. அம்மா பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க. எனக்கு ரொம்ப சங்கடமாகிவிட்டது.

ஏன் அப்படி ஆச்சு? படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. 50 என்று வைத்தால் போன் ரெண்டு படத்தின் சராசரியை எடுக்கிறது. அப்பாயி சேலை 220 என்று வைத்துக்கொள்வோம், பின்னாடி இருந்த மண்சுவர் 60. வித்தியாசம் 160. புது வீட்டுச் சுவர் வெள்ளையடிச்சது, 240. இப்போ கலந்தால் சேலை 230, மண்சுவர் 150. வித்தியாசம் 80தான். பாதியாகக் குறைந்ததால்தான் அந்த வெளிறல்.

கலக்கறதை சினிமாக்காரர்கள் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்திருக்காங்க. பிரான்ஸில் ஜார்ஜ் மெலியஸ் என்பவர் 1900இல் ஒரே படத்தில் தானே ஏழு பேராக வந்து வாத்தியம் வாசித்தார். பிலிமைப் பின்னால் சுற்றி, அதன்மேலேயே திரும்பத் திரும்ப எடுத்தார். கறுப்பு இடத்தில் பிலிமில் வெளிச்சம் படாது, அதனால் அங்கே அடுத்த உருவத்தைப் பதிக்கலாம். தமிழில் 1940இல் வந்த உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். அந்தக் காலத்து இரட்டை வேடக் காட்சிகளுக்கு லென்ஸின் ஒரு பாதியை மறைச்சு எடுத்து, பிறகு மறு பாதியை மறைச்சு எடுப்பது ஒரு வழி.

ரெண்டாவது தடவை நான் ஒபாசிட்டியை 100லேயே விட்டு, படத்தைச் சின்னதாக்கி, வாசக்கால் பக்கம் ஓரமா வைத்தேன். அந்த மரம் கறுப்பு, அதனால் சேலை பளிச்சுனு தெரிந்தது. சத்தம்தான் தொல்லை. மேளச் சத்தமும் அப்பாயி பேச்சும் ஒன்றாகக் கேட்டது. மேளத்தை அந்த 41 வினாடிக்கு மட்டும் 10க்குக் குறைத்தேன். அம்மா முழுசா உட்கார்ந்து பார்த்தாங்க.

இப்போ ஒரு முக்கியமான விஷயம். போன்ல இடமில்லை என்று, எல்லாம் சேர்த்தாச்சே என்ற தைரியத்தில் தனி வீடியோவை அழித்துவிட்டேன். பிறகு எடிட் பண்ணினதைத் திறந்தால் அப்பாயி இருந்த லேயர் காணோம். அந்த ஆப் வீடியோவைத் தனக்குள்ளே வைத்துக்கொள்வதில்லை, கேலரியில் எங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்து வைக்கிறது. முடிஞ்ச வீடியோவிலும் அப்பாயி தீப்பெட்டி அளவுதான். பெரிசாக்கினால் மூஞ்சி கட்டம் கட்டமாகிறது.

முதல் தடவை திரை முழுக்கக் கலந்ததும் சேமித்திருந்தேனே, அதிலிருந்து பிரிக்கலாமா என்று கணக்கு டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் கரும்பலகையில் x + y = 460 என்று எழுதி, x என்ன என்றார்கள். 220, 240 ஆகவும் இருக்கலாம், 205, 255 ஆகவும் இருக்கலாம். ரெண்டு மாறி, ஒரே சமன்பாடு. y தெரிந்தால் x வரும். குடிபோன வீடியோ தனியாக இருக்கிறது, அப்போ y தெரியும்தானே! ஆனால் சேமிக்கும்போது அளவைக் குறைக்க போன் நுணுக்கமான புள்ளிகளை விட்டுவிடுகிறது. அதனால் கழித்தாலும் அப்பாயி மூஞ்சி சரியாக வராது என்றார்கள் டீச்சர்.

திருப்பூர்ல இருக்கிற அத்தைக்கு அந்த 41 வினாடியை எப்பவோ அனுப்பினதாக அம்மாவுக்கு ஞாபகம். அத்தை போன் மாத்திட்டாங்க. பழைய போனை பீரோவில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்காங்க. தீபாவளிக்கு வருவாங்க. வடக்குப் பக்கம் முருங்கைக் குச்சி நட்டாச்சு, ரெண்டு இடத்துல துளிர்த்திருக்கு.

யாருக்காவது லேயர் போடத் தெரியணும்னா மதியம் சத்துணவுக் கூடம் பக்கம் வாங்க, சொல்லித் தர்றேன். அழிக்கிறதுக்கு முன்னாடி வாங்க.

— 9ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு