தீவின் நன்னீர்

குழித்துறையாற்றின் அருகே அமைந்த மார்த்தாண்டத்திலிருந்து இராமேசுவரம் தீவுக்குச் செல்லும் மாணவர், தனுஷ்கோடியில் கடலை மட்டும் கண்டு திரும்புதல் போதாது. அங்கு வாழும் மக்களின் நீரறிவையும் கற்றுவருதல் வேண்டும். 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த அவ்வூரில் இன்றும் வாழும் மீனவர், கடலுக்கு அருகிலேயே மணலைத் தோண்டிக் குடிநீர் பெறுகின்றனர். மணலுள் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் அதன்மேல் படலமாகத் தங்குகிறது. இதனை அனுபவத்தால் அறிந்தோர் ஊற்றை ஆழப்படுத்துவதில்லை. ஊறிய நீரைச் சிறு கலத்தால் முகந்துவிட்டு, மீண்டும் ஊறும்வரை காத்திருக்கின்றனர். மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும், ஊற்று பயனற்றுப்போகும். பயணிகள் பெருகும் இந்நாளில், அவ்வூற்றின் அளவறிந்து நீரைச் செலவிடுதல் விருந்தினராகச் செல்லும் நம் கடமையாகும்.