செயின் தொய்வை வீட்டிலேயே சரிபார்ப்போம்

நம் மஹல்லாவில் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் பிழைப்பு. மீன் ஏற்றிச் செல்பவர், துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போகிறவர், உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர் என எல்லோரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஓட்டத்தில் செயின் கழன்று சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கவிழலாம். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சில நிமிடம் ஒதுக்கிப் பார்த்தால் இதைத் தவிர்க்கலாம்.

இஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயினை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவோம். நாம் இங்கே பார்ப்பது பின்சக்கரத்தைச் சுழற்றும் செயின்.

எவ்வளவு தொய்வு வேண்டும்?

செயின் சற்றுத் தொங்கத்தான் வேண்டும். இருவர் ஏறி வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலும் கீழும் அசையும். அப்போது செயின் இறுகும். தொய்வு இல்லாவிட்டால் செயினோடு பேரிங்குகளும் தேயும். எனவே "நல்லா டைட்டா வையுங்க" என்று கேட்பது சரியல்ல. 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

சோதிக்கும் முறை

1. இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். இஞ்சின் ஓடும்போது செயினில் கை வைத்தால் விரல் போய்விடும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2. இரு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், செயினின் கீழ்ப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்து ஸ்கேலால் அளவெடுங்கள். மூடிய கவர் என்றால் அதிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

3. சக்கரத்தைக் கையால் சுழற்றி நான்கு இடங்களில் அளவெடுங்கள். மிக இறுக்கமான இடத்தில்தான் அளவு சரியாக இருக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

1. பின் ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் ஸ்ப்ராக்கெட் பக்கமுள்ள ஸ்லீவ் நட்டையும் தளர்த்த வேண்டும்.

2. இரு பக்க அட்ஜஸ்டர் நட்டுகளையும் ஒரே அளவாக, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். இறுக்கினால் சக்கரம் பின்னால் நகர்ந்து தொய்வு குறையும்.

3. இரு பக்கக் கோடுகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாகி வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

4. தளர்த்திய நட்டுகளை நன்றாக இறுக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள். ஸ்ப்ளிட் பின் இருந்தால் புதியதைப் போடுங்கள்.

5. டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் நகர்ந்தால் பிரேக்கும் இறுகும். பெடல் அசைவையும் பிரேக் விளக்கையும் சரிபார்த்த பின்பே சாலைக்கு எடுங்கள்.

கோடுகள் கடைசி எல்லைக்கு வந்துவிட்டாலோ, ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தாலோ இனி இறுக்கிப் பயனில்லை. செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

வேலை முடிந்ததும் செயின் கவரையும் சேலை கார்டையும் பழையபடி மாட்டுங்கள். பின்னால் அமரும் நம் தாய்மார்கள், சகோதரிகளின் புர்காவோ துப்பட்டாவோ செயினில் சிக்காமல் காப்பது அவைதான்.