ஆங்கிலத்தில் ‘இங்’ வரும் இடத்தில் ‘லி’யை எங்கே வைப்பது?

பிள்ளைகளின் வீட்டுப்பாடம், விடுப்புக் கடிதம், வேலைக்கு விண்ணப்பம் என எதை எழுத உட்கார்ந்தாலும் ‘ரீடிங்’, ‘குக்கிங்’, ‘வெயிட்டிங்’ என்று ‘இங்’கில் முடியும் வினை வராமல் இருக்காது. அது எப்படி, எப்போது நடந்தது என்று சொல்ல ‘ஸ்லோலி’, ‘ஆல்வேஸ்’, ‘ஸ்டில்’ போன்ற வினையடைகளையும் சேர்க்கிறோம். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும், வினையடை அதற்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் வினைக்குப் பிறகும் சொற்கள் வருவதால் எங்கே வைப்பது என்ற தடுமாற்றம் வருகிறது. வீட்டில் இருந்தபடியே பழகிக்கொள்ளச் சில குறிப்புகள்:

1. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடையை நுழைக்காதீர்கள். ‘ஷி இஸ் ரீடிங் குவயட்லி எ புக்’ என்பது தவறு. ‘ஷி இஸ் குவயட்லி ரீடிங் எ புக்’, ‘ஷி இஸ் ரீடிங் எ புக் குவயட்லி’ இரண்டும் சரி. ‘ஐ ஆம் என்ஜாயிங் வெரி மச் திஸ் புக்’ என்று எழுதுவதும் இதே பிழைதான். ‘வெரி மச்’ கடைசிக்குப் போகவேண்டும். நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை இது. இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே எழுத்து பாதி தெளிந்துவிடும்.

2. ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற துணைவினையையும் ‘இங்’ வினையையும் பிரிக்கக்கூடாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. ஆங்கில வழக்குகள் பற்றி 1926இல் அகராதி வெளியிட்ட ஃபவுலரே அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். ‘ஸ்டில்’, ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’, ‘ஆல்வேஸ்’ ஆகியவை வழக்கமாக உட்காரும் இடமே அந்த நடு இடம்தான். ‘இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்’ என்றால் இன்னும் மழை பெய்கிறது. ‘ஸ்டில், இட் இஸ் ரெய்னிங்’ என்று முன்னால் கொண்டுபோனால் ‘ஆனாலும் மழை பெய்கிறதே’ என்று பொருள் மாறிவிடும்.

3. ‘ஆல்வேஸ்’ விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஹி ஆல்வேஸ் ஆஸ்க்ஸ் கொஸ்டின்ஸ்’ என்றால் கேள்வி கேட்பது அவன் வழக்கம், அவ்வளவுதான். ‘ஹி இஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் கொஸ்டின்ஸ்’ என்றால் ‘எப்போது பார்த்தாலும் கேள்விதான்’ என்ற சலிப்பு பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். ‘ஷி இஸ் ஆல்வேஸ் ஹெல்பிங் அதர்ஸ்’ என்பதில் அதே அமைப்பு பாராட்டாகவும் ஒலிக்கும். ஆசிரியருக்குப் பிள்ளையைப் பற்றிக் கடிதம் எழுதும்போது எந்தத் தொனி வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள்.

4. ‘இப்பதான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்’ என்பதை ‘நௌ ஒன்லி ஐ ஆம் ஈட்டிங்’ என்று சொல்கிறோம். நமக்குள் பேசும்போது எல்லோருக்கும் புரியும். தேர்விலும் நேர்காணலிலும் அது எடுபடாது. ‘ஐ ஆம் ஜஸ்ட் ஈட்டிங்’ என்பது சரி. ‘இப்பதான் வந்தேன்’ என்பதற்கு ‘ஐ ஹாவ் ஜஸ்ட் அரைவ்ட்’. நம் ‘தான்’ இருக்கும் இடத்தில் எல்லாம் ‘ஒன்லி’ போடும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும்.

5. ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருந்தால், வினையடை எந்த வினையைச் சேர்ந்தது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். ‘ஹி சடன்லி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்பதில் திடீரென்று நடந்தது நிறுத்தம். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங் லௌட்லி’ என்பதில் ‘லௌட்லி’ பேச்சைச் சேர்ந்தது. சத்தமாகப் பேசுவதை விட்டார், மெதுவாகப் பேச்சைத் தொடர்ந்தும் இருக்கலாம்.

இரண்டு வினைகளுக்கும் நடுவில் வினையடை நின்றால் சிக்கல் இன்னும் பெரிது. ‘ஈட்டிங் ஸ்வீட்ஸ் ஆஃபன் காஸஸ் டூத் டிகே’ என்று ஒரு குழந்தை எழுதுகிறது. அடிக்கடி இனிப்பு தின்றால் பல் சொத்தையாகும் என்கிறதா, இனிப்பு தின்றால் பல் அடிக்கடி சொத்தையாகும் என்கிறதா? ‘ஆஃபன்’ இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது. முதல் பொருள் வேண்டுமானால் ‘ஃப்ரீக்வென்ட்லி ஈட்டிங் ஸ்வீட்ஸ் காஸஸ் டூத் டிகே’ என்றும், இரண்டாவது வேண்டுமானால் ‘ஈட்டிங் ஸ்வீட்ஸ் கேன் ஆஃபன் காஸ் டூத் டிகே’ என்றும் எழுதச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இதற்குத் தனிப் பயிற்சி இல்லாவிட்டாலும் வீட்டில் பழக்கிவிடுங்கள்.

6. ‘இங்’ வடிவம் தொழிற்பெயராகவும் வரும். அப்போது ‘லி’ வேண்டுமா, வேண்டாமா? செயப்படுபொருள் நேராகப் பின்னால் வந்தால் வேண்டும்: ‘ஜென்ட்லி வாஷிங் சில்க் சாரிஸ்’. முன்னால் ‘தி’, பின்னால் ‘ஆஃப்’ வந்தால் வேண்டாம்: ‘தி ஜென்டில் வாஷிங் ஆஃப் சில்க் சாரிஸ்’. ‘கேர்ஃபுல் டிரைவிங்’, ‘டிரைவிங் கேர்ஃபுல்லி’ இரண்டும் சரி. ‘டிரைவிங் கேர்ஃபுல்’ மட்டும் வேண்டாம்.

7. எல்லா வினையடைக்கும் ‘லி’ வால் கிடையாது. ‘ஃபாஸ்ட்லி’ என்ற சொல் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை, ‘ரன்னிங் ஃபாஸ்ட்’ போதும். ‘வொர்க்கிங் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைப்பது. ‘ஹார்ட்லி வொர்க்கிங்’ என்றால் வேலையே செய்யாமல் இருப்பது. வேலைக்கான விண்ணப்பத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் எழுதியவருக்கே பாதகம். ‘கமிங் லேட்’ என்றால் தாமதமாக வருவது, ‘லேட்லி’ என்றால் அண்மைக்காலமாக. ‘சிங்கிங் குட்’ என்று எழுதாமல் ‘சிங்கிங் வெல்’ என்று எழுதுங்கள்.

8. ‘லி’யில் முடிவதெல்லாம் வினையடையும் இல்லை. ‘ஃப்ரெண்ட்லி’ பெயரடை. ‘ஸ்மைலிங் ஃப்ரெண்ட்லி’ தவறு, ‘ஸ்மைலிங் இன் எ ஃப்ரெண்ட்லி வே’ சரி.

9. ‘யூ ஆர் லுக்கிங் பியூட்டிஃபுல்லி’ என்று பாராட்டாதீர்கள். ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ ஆகியவை ஒன்றின் தன்மையைச் சொல்லும்போது பெயரடையைத்தான் கேட்கும்: ‘யூ ஆர் லுக்கிங் பியூட்டிஃபுல்’. மணக்கும் சாம்பாருக்கு ‘இங்’கூட வேண்டாம், ‘தி சாம்பார் ஸ்மெல்ஸ் நைஸ்’ என்றால் போதும். ஆனால் ஒருவர் பாயசத்தை நிதானமாகச் சுவைத்துப் பார்த்தால் அது செயல். அங்கே ‘ஷி வாஸ் டேஸ்டிங் தி பாயசம் கேர்ஃபுல்லி’ என்று வினையடை வரலாம்.

10. ஆங்கிலச் சமையல் குறிப்பு படிப்பவர்களுக்கு: ‘ஆட் தி மில்க் கிராஜுவலி, ஸ்டர்ரிங் கான்ஸ்டன்ட்லி’ என்ற அமைப்பு ஒயிட் சாஸ் குறிப்புகளில் அடிக்கடி வரும். பாலைச் சேர்ப்பது சிறிது சிறிதாக, கிளறுவது கைவிடாமல். ‘இங்’ வந்திருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். பாலை எல்லாம் ஊற்றிவிட்டுப் பிறகு கிளறினால் மாவு கட்டிதட்டிவிடும். ‘ஸ்டர்ரிங் அகேஷனலி’ என்றிருந்தால் அவ்வப்போது கிளறினால் போதும். நம் ‘மெல்ல மெல்ல’வை ‘ஸ்லோலி ஸ்லோலி’ ஆக்காமல் ‘கிராஜுவலி’ என்று எழுதுங்கள்.

11. ‘இங்’ தொடரை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால், அடுத்து வரும் எழுவாய்தான் அந்தச் செயலைச் செய்தவர் ஆவார். ‘வாக்கிங் ஸ்லோலி டௌன் தி ஸ்ட்ரீட், எ டாக் பிட் மை சன்’ என்று எழுதினால் மெதுவாக நடந்துவந்தது நாய். ‘ஒயில் மை சன் வாஸ் வாக்கிங் ஸ்லோலி டௌன் தி ஸ்ட்ரீட், எ டாக் பிட் ஹிம்’ என்று பிரித்து எழுதவேண்டும். இது தமிழருக்குப் புதிய விதி இல்லை. ‘செய்து’ என்னும் வகை வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்பதைத் தொல்காப்பியத்தின் வினையியல் சொல்கிறது. ‘தெருவில் மெதுவாக நடந்து என் மகனை நாய் கடித்தது’ என்று நாம் சொல்வதில்லை. தமிழில் வரும் அந்த உறுத்தல் ஆங்கிலத்திலும் வரவேண்டும்.

12. எதிர்மறைக்கு ‘நாட்’ முன்னால் வரும்: ‘நாட் நோயிங் தி வே, ஷி ஆஸ்க்ட் எ போலீஸ்மேன்’.

13. பெயருக்கு முன் அடைமொழியாக வந்தால் ‘ஃபாஸ்ட்-க்ரோயிங் சிட்டி’ என்பதில் இடைக்கோடு உண்டு. ‘ரேப்பிட்லி க்ரோயிங் சிட்டி’ என்று ‘லி’ வந்துவிட்டால் இடைக்கோடு தேவையில்லை.

14. கடித முடிவில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ சூன்’ என்று எழுதுங்கள். இங்கே ‘டு ஹியர்’ தவறு, ‘சூன்’ கடைசியில்தான் வரவேண்டும்.

15. பிள்ளைகள் எழுதியதைத் திருத்தும்போது தவறான சொல்லை மட்டும் அடித்துவிட்டு நகராதீர்கள். எந்த வினைக்காக அந்தச் சொல்லை எழுதினாய் என்று கேளுங்கள். பதில் வந்ததும் முழு வாக்கியத்தையும் சரியான வரிசையில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.