படபடக்கும்போதே பிடிக்க வேண்டும்

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் இ.சி.ஜி எடுத்துக்கொள்ள வந்தவர்கள் கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய அந்த இயந்திரத்தின் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடியாததால், நோயாளியின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய பழவேற்காட்டில், அதே வேலையை இன்று விரல் நீளத் தகடு ஒன்று செய்கிறது. கம்பிக்குப் பதில் வாட்ஸ்அப். ஆனால் ஈரம் இல்லாவிட்டால் இப்போதும் வேலை நடக்காது.

இக்கட்டுரையாளரின் தாய்மாமன் அங்கே மீன்பிடிக்கிறார், அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. விடியற்காலையில் வலை இழுத்து முடித்ததும் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும். படகு கரைக்கு வந்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிப்போகும். இ.சி.ஜி எடுத்தால் நார்மல். ‘காஸா இருக்கும், ஒரு சோடா குடிங்க’ என்று தெருவே வைத்தியம் சொன்னது.

இதில் இ.சி.ஜி-யைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமான இ.சி.ஜி பார்ப்பது பத்து விநாடித் துடிப்பைத்தான். வந்து வந்து போகிற கோளாறு அந்தப் பத்து விநாடிக்குள் வந்து மாட்டினால்தான் உண்டு. அதனால்தான் நாள் முழுக்கப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி வந்தது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டும், சுமார் 38 கிலோ. இப்போது அது உள்ளங்கையில் அடங்கும். ஆனால் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களோடு ஏரியில் இறங்க முடியாது. ஹோல்டர் மாட்டிய அன்று மாமா தொழிலுக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதரின் இதயம் திண்ணையில் உட்கார்ந்த மாதிரியே சமத்தாக அடித்தது. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.

பிறகு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமாவின் பையன் ‘கார்டியாமொபைல்’ என்ற தகட்டை அனுப்பினான். இந்த வகைக் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. நம் நாட்டிலும் நொய்டாவின் அகாட்ஸா நிறுவனம் ‘சங்கேத்’ என்ற கையடக்க இ.சி.ஜி-யைச் செய்திருக்கிறது. இரண்டு கை விரல்களையும் தகட்டின் மேல் முப்பது விநாடி வைத்தால் போதும், கோடு போனில் ஓடும்.

போதும் என்று சொல்வது எளிது. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல், காய்ந்தும் இருந்தால், கருவி ‘வகைப்படுத்த முடியவில்லை’ என்று கைவிரித்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் விரல் நுனியைத் துடைத்துவிட்டு வைத்ததும் கோடு தெளிந்தது. படகில் வைத்து எடுக்கவே கூடாது. இன்ஜின் அதிர்வும் அலையின் ஆட்டமும் கோட்டில் ஏறிக்கொள்ளும். சார்ஜில் போட்ட போனை முதலில் பிடுங்கிவிட வேண்டும், கரண்ட் இரைச்சலும் கோட்டைக் கெடுக்கும். கரையில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை இயல்பாக விட்டுக்கொண்டு எடுப்பதுதான் சரி. மாமாவுக்கு இதில் கடினமானது வாயை மூடுவதுதான். “மாமா, பேசாம உக்காருங்க, முப்பது செகண்டுதான்” என்று மருமகள் அதட்ட வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியம் நேரம். காலையில் பல் துலக்கியதும் கடமைக்கு ஒரு தரம் எடுப்பதில் இவருக்குப் பெரிய பலன் இல்லை. படபடப்பு வந்த அந்த நிமிடமே எடுக்க வேண்டும். அதனால் தகடு வீட்டு அலமாரியை விட்டு, கரையில் வலை இறக்கும் இடத்துக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போகத் தொடங்கியது. ஒரு விடியலில் போன் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கலாம்’ என்று காட்டியது.

டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப் என்கிறார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கும். ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகலாம், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஆனால் போன் சொன்னது தீர்ப்பு அல்ல. டாக்டருக்கு அனுப்பும்போது திரையைப் படம் பிடித்து அந்த ஒற்றை வரியை மட்டும் அனுப்பிப் பயனில்லை, முப்பது விநாடிக் கோடும் பி.டி.எஃப்-ஆகப் போக வேண்டும். கூடவே எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, மயக்கம் வந்ததா என்று இரண்டு வரி. டாக்டர் கோட்டைப் படித்துவிட்டு, முழு இ.சி.ஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன், தைராய்டு சோதனை எல்லாம் பார்த்த பிறகுதான் மாத்திரையைப் பற்றிப் பேசினார். வயது, பி.பி., சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை முடிவு செய்வார்கள்.

எக்கோ பார்ப்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தால், நாற்பது வயதுக்குள்ளேயே ஏ.எஃப் வரலாம். அவர்களுக்குப் புது மருந்தைவிட வார்ஃபரின் வகைப் பழைய மருந்தே மேல் என்று, 24 நாடுகளில் சுமார் 4,500 பேரிடம் நடந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022-ல் காட்டியது.

மருந்து தொடங்கிய பிறகு மீனவர் வீட்டுக்கென்று தனிக் கவலைகள் வருகின்றன. கெளுத்தி முள் குத்தினாலும், மீன் வெட்டும்போது கத்தி பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. சுத்தத் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு. உடம்பு வலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். வார்ஃபரின், அதே வகையான அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அடியோடு விடுவதுதான் கணக்கைக் குழப்பும். மீன் தாராளமாகச் சாப்பிடலாம். மாமாவுக்குப் பெரிய நிம்மதி அதுதான்.

கைக்கடிகாரம் போதாதா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் நிதியில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். கடிகாரம் எச்சரித்தது 0.52 சதவீதம் பேரைத்தான். அவர்களில், பிறகு நெஞ்சில் ஒட்டும் பட்டையை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரைப் பார்த்ததில் 34 சதவீதத்தினருக்கு ஏ.எஃப் பதிவானது. கடிகாரம் சொன்னதும் டாக்டரைப் பார்க்கலாம், தானாக மாத்திரை வாங்கக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்தத் தகடு மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவும்போது போன் ‘நார்மல்’ என்றால் அதை நம்பி உட்காரக் கூடாது, சோடாவும் கூடாது. உடனே 108. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். படபடப்போடு கண் இருட்டினால், காரணம் தெரியும்வரை அவரைத் தனியாகப் படகேற விடக் கூடாது.

ஒரு வீட்டில் தகடு வந்தால் தெருவே விரல் வைத்துப் பார்க்கும். மாமாவின் பதிவுகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுப் பாட்டியின் கோடும் கலந்துவிட்டால் டாக்டர் யாரை என்று பார்ப்பார்? அதற்காக வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, தேதி, நேரம், பெயர் எழுதிவைக்கிறார்கள். தகடே இல்லாதவர்கள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்க்கலாம். துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம் ஒரே சீராக இல்லாமல் கன்னாபின்னாவென்று இருந்தால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வரும் பெண்ணிடம் அன்றே சொல்லி, இ.சி.ஜி எடுக்க எங்கே போவது என்று கேட்டுக்கொள்ளலாம்.